சுவரில் பதித்த ஸ்பீக்கர்

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் உள்ள எந்த சினிமாக் கொட்டகையிலும் ஸ்பீக்கர் சரியில்லை என்பது என் அக்கா புருஷன் செல்வநாதனின் முடிவான தீர்ப்பு. படம் விட்டு வெளியே வந்து வெற்றிலை போடுவதற்கு முன்னால் அதைத்தான் சொல்வார். "ஆக்டிங்லாம் நல்லாத்தான் கீது. ஆனா இன்னா பேசறான்னு ஒரு எழவும் புரியல. ஸ்பீக்கர் கலீஜ்டா ஹென்றி." ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் கோயிலிலும் அதே புகார்தான். சாமியார் பிரசங்கத்தை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிவிடுகிறாராம். ரேடியோவில் செய்தி வாசிப்பவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறதாம். ஊரில் இருக்கிற வாயெல்லாம் பழுது, அவருடைய காது மட்டும் பத்தரை மாற்றுத் தங்கம்.

அந்தக் காதின் கதையைச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் அவர் இரும்புத் தகடுகளை ஆணியடித்துச் சேர்க்கிற ரிவெட் மேஸ்திரி. மீசை முளைப்பதற்கு முன்பே அந்த வேலைக்குப் போனவர். கப்பலின் வயிற்றுக்குள் இவர் இரும்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, வெளியிலிருந்து ஒருவன் சம்மட்டியால் அடிப்பான். அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு வெளியே உலக்கையால் இடிக்கச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி. அந்தப் பட்டறைக்காரர்கள் எல்லோருக்குமே காது கொஞ்சம் மந்தம்தான். எங்கள் தெருவில் அதை ஒரு குறையாக யாரும் எண்ணுவதில்லை. ஆனால் மாமாவுக்குப் போனது கொஞ்சமா, முழுசா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

தெரியாததற்குக் காரணம், மனிதர் அவ்வளவு அழகாகத் தலையாட்டுவார். பேசுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சிரித்தால் இவரும் சிரிப்பார்; அவர் முகம் சுருங்கினால் இவர் உச்சுக் கொட்டுவார்; மற்றதற்கெல்லாம் "ஆவட்டும்" என்று ஒரு தலையாட்டல். தொழிற்சங்கத்தில் கமிட்டி மெம்பராகக்கூட இருந்திருக்கிறார். எல்லாத் தீர்மானத்துக்கும் முதலில் கை தூக்குகிறவர் என்று அங்கே நல்ல பெயர்.

யாராவது காதுக்குக் கிட்டே வாயைக் கொண்டுபோனால் மட்டும் அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். "இன்னா, என்னை செவுடன்னு நெனச்சிகினியா?" என்று எகிறுவார். அதற்கும் காரணம் இருந்தது. மேஸ்திரிக்குக் காது கேட்கவில்லை என்று பட்டறையில் தெரிந்தால் கிரேன் கொக்கிக்குக் கீழே நிற்க விட மாட்டார்கள். விசில் கேட்காதவன் தலையில் இரும்பு விழுந்தால் யார் பதில் சொல்வது? ஸ்டோரில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடு என்பார்கள். மேஸ்திரி செல்வநாதன் ஸ்டோர் செல்வநாதன் ஆவதைவிடக் கடலில் குதிப்பார்.

இவருக்கு மகளாக ஐரீன் வந்து பிறந்தாள். டிரங்கால் ஆபீஸில் ஆபரேட்டர் வேலை. காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, வாய்க்கு எதிரே இருக்கிற கருவியில் மெல்லப் பேசிப் பழகியவள். பம்பாய்க்கும் டில்லிக்கும் தெளிவாகக் கேட்கிற அவள் குரல் எதிர் நாற்காலிக்குக் கேட்காது. பிலோமி அக்காதான் நடுவில் நின்று அப்பனுக்கும் மகளுக்கும் துபாஷி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் இரண்டு வார்த்தை சொன்னால் ஒரு வார்த்தையை விட்டுவிடுவாள். கத்திக் கத்தி அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு, அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிற ரயில்வே கார்டு அம்புரோஸ் தன் மகன் பெனடிக்ட்டுக்கு ஐரீனைக் கேட்டு வந்தார். நல்ல குடும்பம், நல்ல பையன். ஆனால் பேச்சோடு பேச்சாக அம்புரோஸின் மனைவி, கல்யாணத்துக்கு அப்புறம் ராத்திரி டூட்டியெல்லாம் சரிப்படாது, வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்றாள். மாமா தலையாட்டினார். அவர்கள் எழுந்து போனதும் ஐரீன் அப்பாவின் பக்கத்தில் போய் நின்று, "எனக்கு இது வேணாம்பா, வேலைய வுட மாட்டேன், இந்தக் கல்யாணத்த வுட்ருப்பா" என்றாள். அப்போது நானும் அக்காவும் அங்கேதான் இருந்தோம். மாமா அவள் முகத்தைப் பார்த்து, கண்ணில் தண்ணீர் நிற்பதையும் பார்த்து, அவள் கன்னத்தைத் தட்டி, "ஆவட்டும்மா" என்று தலையாட்டினார்.

அவருக்குக் கேட்டுவிட்டது என்று அக்காவும் அதைத் திருப்பிச் சொல்லவில்லை; விஷயம் அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். மறுநாள் மாமாவும் அம்புரோஸும் சேர்ந்து கோயிலுக்குப் போய் ஓலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்கள். எங்களில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். அதுதான் ஓலை. பெண்ணையும் பையனையும் கூப்பிட்டு விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், தெரிந்த குடும்பங்கள்தானே என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டதற்குச் சாமியாரும் சரி என்றுவிட்டார். முதல் ஓலை வாசித்த அன்றைக்கு ஐரீன் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். பெற்றவனே வாக்குக் கொடுத்துவிட்டுக் கழுத்தை அறுத்துவிட்டான் என்று அவளுக்கு எரிச்சல். எனக்கும்தான். கல்நெஞ்சுக்காரன் என்று மனசுக்குள் திட்டினேன். அவரோ, பெண்ணுக்கு வெட்கம் வந்துவிட்டது என்று தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இந்தச் சமயத்தில்தான் வீட்டுக்குள் கொட்டகை கட்டும் யோசனை வந்தது. பழுதுக்கு வந்த ஒரு வெளிநாட்டுக் கப்பலில் மாலுமிகள் படம் பார்க்கிற சின்ன புரொஜெக்டர் ஒன்று ஏலத்துக்கு வந்தது. படம் விழும், ஆனால் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை உட்கார வைத்து வீட்டிலேயே ஒரு படம் காட்டுவதாகத் திட்டம். ரீலை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கரை மட்டும் அவரே பார்த்துப் பொறுக்கப் போகிறார். "இந்தக் கொட்டகைக்காரனுங்க எல்லாரையும் வூட்டாண்ட கூப்ட்டு, ஸ்பீக்கர்னா இதான்டான்னு காட்டறேன் பாரு" என்றார்.

சுவரில் பதிப்பது என்பதும் அவர் முடிவுதான். கூடத்தில் நாலு பேர் கால் நீட்டினால் ஐந்தாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். அங்கே பெட்டி வைக்க ஏது இடம்? கொட்டகையில் திரைக்குப் பின்னால்தானே ஸ்பீக்கர் இருக்கிறது, அதே மாதிரி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள சுவரை இரண்டு இடத்தில் குடைந்து ஸ்பீக்கரை உள்ளே வைத்துவிட்டு, நடுவில் சுண்ணாம்பு அடித்து அதிலேயே படத்தை விடலாம் என்றார். யோசனையில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. கல்யாணச் செலவு போக மிஞ்சுகிற காசில் இதைச் செய்ய வேண்டும் என்பதுதான் சிக்கல். கூடப் போய் வர என்னைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் மூர் மார்க்கெட்டுக்குப் போனோம். அங்கே ஒருவன் பழைய ரேடியோகிராமிலிருந்து கழற்றின பெரிய ஸ்பீக்கரைப் போட்டுக் காட்டினான். பாட்டு தேனாகப் பாய்ந்தது. மாமா முகத்தைச் சுளித்தார். "போர்வைக்குள்ள படுத்துகினு பேசற மாதிரி கீதுடா." அடுத்து யானைக்கவுனியில் ஒரு கடையில் ஆள் உயரத்துக்கு மரப்பெட்டி வைத்த ஸ்பீக்கர். அதுவும் போர்வைதான். கடைக்காரன் என் முகத்தைப் பார்க்க, நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் வண்ணாரப்பேட்டையில் சௌக்கத் அலி கடைக்கு வந்து சேர்ந்தோம்.

சௌக்கத் அலி கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். ஆம்ப்ளிஃபயரைத் தானே பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டி விற்கவும் செய்வார். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு வரிசையாக ஒவ்வொரு ஸ்பீக்கராக மாட்டி, ஒரே பேச்சு ரெக்கார்டைப் போட்டார். எல்லாவற்றுக்கும் மாமா உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் அவரே மேலே தொங்கிய கொம்பு ஸ்பீக்கரைக் காட்டி, அதைப் போடச் சொன்னார். போட்டதும் கடையில் இருந்த நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம். தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி இருந்தது. மாமாவின் முகத்தில் மட்டும் விளக்கு ஏற்றி வைத்த மாதிரி ஒரு வெளிச்சம். "இத்தான்யா பேச்சு! ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா வந்து வுழுது பாரு!"

"அண்ணாத்தே, அது மைதானத்துல கட்றது" என்றார் சௌக்கத் அலி. "வூட்டுக்குள்ள வெச்சா குந்தினு கீறவன் அத்தினி பேரும் செவுடாய்டுவான்."

மாமா சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

சௌக்கத் அலி ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். ரெக்கார்டை நிறுத்திவிட்டு, எதையோ தேடுகிற மாதிரி முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, சாதாரணக் குரலில் சொன்னார்: "அண்ணாத்தே, காசு வாணாம். இஷ்டப்பட்டத சும்மா எட்த்துகினு போ."

காசென்றால் கறாரான என் மாமா அசையவே இல்லை. கொம்பு ஸ்பீக்கரைத் தடவிக்கொண்டு நின்றார்.

சௌக்கத் அலி என்னைக் கடை ஓரத்துக்குக் கூப்பிட்டார். "தோஸ்து, எங்க அண்ணன் தாவூதும் இந்தக் கேஸுதான். ரயில்வே பட்டறைல தகடு அடிச்ச மனுசன். கனத்த சத்தம் கேக்கும், லாரி வந்தா தெரியும். பேச்சுல கூர்மையா கீற சத்தம் பூரா பூட்ச்சு. அதான் எல்லாம் போர்வைக்குள்ள பேசற மாதிரி கீது இவருக்கு. இவுரு வாயப் பாத்துதான்யா பொழப்பு ஓட்டிகினு கீறாரு. வூட்ல யாருக்கும் தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மனிதர் எங்கள் நடுவில்தான் இருபது வருஷமாக உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கொம்பு ஸ்பீக்கர் வேண்டாம் என்று அவரைச் சமாதானப்படுத்தி, கெட்டிக் காகிதம் வைத்த சின்ன ஸ்பீக்கர் இரண்டை சௌக்கத் அலி எடுத்துக் கொடுத்தார். ஆம்ப்ளிஃபயரில் ஒரு திருகு இருந்தது. அதை முழுசும் ஒரு பக்கம் திருப்பியதும் அந்தக் கூர்மையான சத்தம் வந்தது, மாமாவுக்குத் திருப்தி. எங்களுக்குப் பல் கூசியது, ஆனாலும் உயிர் போகவில்லை. "ஓட்டைக்குப் பின்னாடி பலகை அடிச்சு பஞ்சத் திணிச்சிடு. இல்லாங்காட்டி பாதி சத்தம் அடுப்பாண்ட பூடும்" என்று என்னிடம் சொன்னார். "ஒயரத்துல வெக்காதே. மாமா எங்க குந்துவாரோ அந்தக் காதுக்கு நேரா ஒண்ணு வை." அவர் செய்கிற ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றிலும் மைக் மாட்டுகிற துளை ஒன்று இருக்கும். மைக் வேண்டாம், வீண் செலவு என்றார் மாமா. சௌக்கத் அலி ஒரு பழைய மைக்கையும் நீள ஒயரையும் என் பையில் போட்டு, "அப்பால திருப்பிக் குடு" என்றார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டுப் பார்த்துவிடுவது என்று துணிந்தேன். அவர் முகத்துக்கு நேராக நின்று, "மாமா, அன்னிக்கி ஐரீன் உங்களாண்ட இன்னா சொல்லிச்சு?" என்றேன்.

மாமா என் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் சிரித்தார். "ஆவட்டும், ஆவட்டும்" என்று தலையாட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. மகளுக்கு அன்றைக்குக் கிடைத்ததும் இதே தலையாட்டல்தான். அவர் வாக்குக் கொடுக்கவும் இல்லை, வாக்குத் தவறவும் இல்லை. மனிதருக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பின்கட்டில் வைத்து அக்காவுக்கும் ஐரீனுக்கும் இதைச் சொன்னேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐரீன் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அப்பா என்னை ஏமாத்தலியா மாமா?" என்றாள். இத்தனை நாளும் அழாதவள் அப்போது அழுதாள். அவரைத் திட்டினதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

இனி அவருக்கு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது? வீட்டில் கத்தினால் நாலு வீடு தள்ளி இருக்கிற அம்புரோஸுக்கு முதலில் கேட்கும். அந்தத் தெருவில் சுவர்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டியவை. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ஆசீர்வாதம் சொல்வார்கள். காதுக்குள் சொல்லப் போனால் எகிறுவார். எழுதிக் காட்டலாம் என்றால் அவருக்குக் கையெழுத்துப் போடுவதோடு சரி. நான் அவரைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஆள் இல்லாத இடத்தில் நின்று, தொண்டை கிழியக் கத்தினேன். அலை இரைச்சலில் அவருக்கு என் வாய் மட்டும் தெரிந்தது. ரொம்ப நேரம் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். சுண்டல் வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரம் இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று.

சுவரைக் குடைகிற வேலையை மாமா தானே செய்தார். கப்பல் தகட்டையே துளைக்கிறவருக்குச் செங்கலும் சுண்ணாம்பும் எம்மாத்திரம்? இரண்டு குழிகளையும் வட்டம் பிசகாமல் வெட்டி, பின்பக்கம் பலகை அடைத்து, பஞ்சு திணித்து, முன்பக்கத்துக்குத் தகரத்தில் பொடிப்பொடியாகத் துளை போட்டு மூடினார். இடப்பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் அவர் முக்காலியில் உட்கார்ந்தால் காதுக்கு நேராக வருகிற மாதிரி நான் கோடு போட்டுக் கொடுத்திருந்தேன். வெள்ளையடித்துப் பார்த்தபோது அந்தத் துளைத் தகரம் கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டில் இருக்கிற ஜன்னல் மாதிரியே இருந்தது. அதை அக்காதான் முதலில் சொன்னாள்.

படப்பெட்டி இன்னும் வரவில்லை. ஆம்ப்ளிஃபயரைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார் மாமா. "யாராச்சும் எதுனா பேசுங்கடா." மைக்கைக் கூடத்தில் வைத்துப் பேசினதும் ஸ்பீக்கர் ஊளையிட்டது. சமையலறைக்குக் கொண்டுபோனேன், அங்கேயும் ஊளை. ஒயரை இழுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்த ஐரீனிடம் மைக்கைக் கொடுத்தேன். சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துவிட்டு, பின்கட்டும் கூடமும் ஒருசேரத் தெரிகிற நிலைப்படியில் நின்றுகொண்டேன்.

ஐரீன் மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டாள். அது அவளுக்குத் தினசரி வேலைதானே. முதலில் ஆபீஸ் குரல்தான் வந்தது. "அப்பா, கேக்குதா?"

மாமா முக்காலியில் நிமிர்ந்தார். "கேக்குது, கேக்குது! நல்லா கீது. பேசு."

சத்தம் குறைவாக இருந்ததால் அவர் முக்காலியைச் சுவரோடு நெருக்கிப் போட்டு, காதைத் தகரத்தின் மேல் வைத்துக்கொண்டார். நிலைப்படியில் நின்ற எனக்கு அவள் குரல் ஒரு முணுமுணுப்பாக மட்டும் வந்தது; முதலில் சொன்னதை மட்டும் அவள் பிறகு எனக்குச் சொன்னாள். தெருவுக்கு அதுகூடப் போயிருக்காது.

"அப்பா, அன்னிக்கி நான் சொன்னது உனுக்குக் கேக்கல. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். வேலைய வுட மாட்டேன்னு சொன்னேன். நீ ஆவட்டும்னே. வேணாம்னு சொல்லிடுவேன்னு நெனச்சிகினு நான் நிம்மதியாத் தூங்கிட்டேன்பா."

மாமாவின் முகம் அப்படியே நின்றது. தலையாட்டவில்லை. அவர் தலையாட்டாமல் ஒரு பேச்சைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. காதை எடுத்துவிட்டு எழுந்தார். என்னைத் தாண்டி, சமையலறையைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போய் மகளுக்கு எதிரே நின்றார். ஐரீன் மைக்கை இறக்கிவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"இங்க வாணாம்மா" என்றார் மாமா. "மைக்லயே சொல்லு."

திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்து காதைத் தகரத்தில் வைத்துக்கொண்டார். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கல்யாணத்தைப் பற்றி மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். நடுவில் ஒரு தரம் சிரிக்கவும் செய்தாள். இத்தனை வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்தது. அவர் எழுந்தபோது கன்னத்தில் தகரத் துளைகள் புள்ளி புள்ளியாகப் பதிந்திருந்தன. அக்கா சமையலறையில் சுவரின் அந்தப் பக்கம் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அம்புரோஸ் வீட்டுக்குப் போனார். நான்தான் வாயசைத்துக் காட்டும் துபாஷி; பேச்சு எதைப் பற்றி என்று தெரிந்துவிட்டதால் இப்போது என் வாயைப் பார்த்தே அவர் பிடித்துக்கொண்டார். அம்புரோஸுக்கு வந்ததே ஆத்திரம். "ரெண்டு ஓலை வாசிச்ச அப்பால வந்து கேக்கலன்றியே, எவன் நம்புவான்? நாளைக்கி தெரு இன்னா சொல்லும்? பொண்ணு வேணான்ற அளவுக்கு என் புள்ளையாண்ட இன்னா கொறைன்னு கேக்கும். எல்லார் எதுர்லயும் வந்து சொல்லு, பாக்கலாம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் அதை மாமாவுக்குப் புரிய வைத்தேன்.

வெளியே வந்ததும் சொன்னேன்: "மாமா, சாமியாரைத் தனியாப் பாத்து கமுக்கமா நிறுத்திடலாம். கோயில்ல மொத வரிசைல உங்க ஃபோர்மேன்தான் குந்தினு கீறாரு. அவுரு காதுல வுழுந்தா மேஸ்திரி வேலை பூடும்." இரண்டு தரம் சொன்ன பிறகு புரிந்துகொண்டார்.

"கமுக்கமா நிறுத்தினா பழி எம்பொண்ணு மேல வுழும்" என்றார். "இல்லாட்டி அவன் புள்ள மேல வுழும். ரெண்டு பேரும் இன்னா பண்ணாங்க பாவம்?"

மூன்றாம் ஞாயிறு. பூசையில் பிரசங்கம் முடிந்தது. சாமியார் ஓலையை எடுத்தார். ஐரீன் அம்மாவுக்கு அந்தப் பக்கம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலை குனிந்திருந்தாள். பெயர்கள் வாசிக்கிற நேரம் மாமாவுக்குத் தெரியாதே, எனவே அக்கா கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றாள். "...அம்புரோஸ் மகன் பெனடிக்ட்டுக்கும், செல்வநாதன் மகள் ஐரீனுக்கும்..." என்றதும் அக்கா ஆண்கள் பக்கம் கையை நீட்டி மாமாவின் முழங்கையைத் தொட்டாள். அவர் நடுப்பாதையில் வந்து நின்றார்.

"தடை கீது சாமி" என்றார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. கோயில் முழுக்க அதிர்ந்தது.

முன் வரிசையில் ஃபோர்மேன் திரும்பினார். அம்புரோஸ் எழுந்து நின்றார். மாமா யாரையும் பார்க்கவில்லை.

"பொண்ணு மேல தப்பு இல்ல. பையன் தங்கம். தப்பு என்னுது. எனக்குக் காது கேக்காது சாமி. ரொம்ப வருசமா கேக்காது. அவ வேணாம்னு என் பக்கத்துல நின்னு சொல்லிகீறா, எனக்குக் கேக்கல. கேட்ட மாதிரி தலையாட்டிட்டேன். அதான் தடை."

சாமியார் ஓலையை மடித்தார். மாமாவைப் பார்த்து ஏதோ சொன்னார். மெல்லத்தான் சொன்னார், உட்காரும்படியோ, பூசை முடிந்து வரும்படியோ இருக்கலாம். சொல்லும்போது அவர் முகத்தில் கனிவு இருந்தது. அந்த முகத்துக்கு மாமா வழக்கமாகச் செய்வது எனக்கு மனப்பாடம். கொஞ்சம் சிரிப்பார், தலையாட்டுவார். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

மாமா கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு ஓரடி முன்னால் போனார்.

"கேக்கல சாமி" என்றார். "இன்னொரு தபா, கொஞ்சம் பலமா சொல்லுங்க."

சாமியார் பலமாகச் சொன்னார்.

மறுவாரமே அவரை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். அவர் கடலில் குதிக்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கோடு ஸ்டோருக்குப் போனார். அம்புரோஸ் கொஞ்ச நாள் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு நாங்கள் படம் போட்டபோது மனைவியோடு வந்து உட்கார்ந்தார். சத்தம் கீச்சென்று இருக்கிறது என்று எல்லோரும் முறையிட்டதும் மாமாவே எழுந்து போய்த் திருகை அவர்கள் சொன்ன பக்கம் திருப்பிவிட்டார். பிறகு முக்காலியைச் சுவரோரம் போட்டுக்கொண்டு, காதைத் தகரத்தில் வைத்தபடி, படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் கேட்டார்.

மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சௌக்கத் அலி வாங்க மறுத்துவிட்டார். அது இன்னும் அக்காவின் அடுப்படியில் ஆணியில் தொங்குகிறது. பேசுவதற்கு மட்டும் பின்கட்டுக்கு எடுத்துப் போவாள். அந்த மூன்றாம் ஞாயிறு மத்தியானம் கோயிலிலிருந்து வந்து, மாமா சுவரோர முக்காலியிலும் நாங்கள் தரையிலுமாக உட்கார்ந்திருந்தபோது, அக்கா முதல் தடவையாக அதை எடுத்துக்கொண்டு போனாள். சுவருக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"இன்னாங்க, சோறு ஆறுது. சாப்ட வாங்க."

வழக்கமாக மூன்று தரம் கூப்பிட்டு நாலாவது தரம் தோளைப் பிடித்து உலுக்கினால்தான் எழுந்திருக்கிற மனிதர், முதல் குரலுக்கே எழுந்து போனார்.